சுங்க மேஜையில் ஐந்து கிண்ணங்கள்

1

கல்கத்தாவில் இருப்பதெல்லாம் ஒரு புலம்பெயர்வா என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். கடல் தாண்டவில்லை, விசா வாங்கவில்லை, ரயிலேறினால் ஒன்றரை நாளில் விருத்தாசலத்தில் இறங்கிவிடலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் முப்பது வருஷமாக என் பெயரை ஒருவரும் ஒழுங்காகச் சொல்லாத நகரத்தில் குடியிருக்கிறேன். சண்முகம் என்று சொன்னால் ‘ஷொன்முகொம்’ என்று திருப்பிச் சொல்கிறார்கள். என் மகள் கயல்விழி பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘கொயெல்’ ஆகிவிட்டாள். வங்காளியில் கொயெல் என்றால் குயில். மீனைக் குயிலாக்கிவிட்டார்கள்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து முப்பது வருஷம் முடிகிறது. அதையொட்டி இதமாக நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாங்கள் குடியிருக்கும் டாக்குரியாவின் ஸ்டேஷன், ஏரிக்கரை நடை, துர்கா பூஜைக் காலத்துக் கூட்டம் என்று ஒரு பட்டியல்கூடப் போட்டிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. எனக்கு இருக்கிற கோபத்தில் இதமாக ஒன்றும் வராது. கோபத்தையே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

தபால்காரர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனதில் ஆரம்பித்தது. ஜப்பானிலிருந்து என் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, சோதனைக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம், அடையாள அட்டையுடன் நேரில் வரவும். என் மனைவி வசந்தா அந்தச் சீட்டை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பாப்பா அனுப்பினதுங்க. டீ குடிக்கற கப்பாம். அவ கையாலயே செஞ்சதாம்.”

“உனக்குத்தான அனுப்பியிருப்பா? நீ போய் வாங்கிக்க.”

“உங்க பேர்தான் போட்டிருக்கு. நான் போனா குடுக்க மாட்டாங்க.”

மகளோடு நான் பேசி ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அம்மாவை அழைப்பாள். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். கதவு வழியாக இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு, ஒரே பத்தியைப் பத்து முறை படிப்பேன்.

என் பெயர் போட்டிருந்ததால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. உயரமான கூரை, அழுக்குத் தண்ணீர்க் கூஜா, ஒரே ஜன்னலுக்கு மூன்று வரிசை. இந்த நகரத்தில் அப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைய உண்டு.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிதானமான மனிதர். கணினியைப் பார்த்துவிட்டு வங்காளியில், அண்ணன் என்ற பொருளில் ‘தாதா’ போட்டுச் சொன்னார்:

“தாதா, இதில் ஸ்டோன் என்று எழுதியிருக்கிறது. கையால் செய்த கல் பொருள்.”

“ஸ்டோன் இல்லை, ஸ்டோன்வேர். தேநீர்க் கிண்ணம். மண்ணால் செய்தது.”

“மண்ணால் செய்தது என்றால் எதற்குக் கல் என்று எழுத வேண்டும்?”

கேட்பதற்கு நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. அதுதான் கொடுமை. மண்ணை அதிகச் சூட்டில் வேகவைத்துக் கல் மாதிரி இறுக்குவார்கள், அதனால் அந்தப் பெயர் என்று என் அரைகுறை வங்காளியில் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, கையால் செய்த கல் பொருள் பழம்பொருளாக இருக்கக்கூடும், பழம்பொருள் அல்ல என்று இன்னொரு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்.

“பழம்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோனால்தானே தப்பு? உள்ளே வருகிற டீக் கிண்ணத்துக்கு எதற்கு?”

“ரூல் ரூல்தான், தாதா.”

அந்த இன்னொரு அலுவலகத்துக்குப் போனேன். பொருளைக் கொண்டுவந்து காட்டினால்தான் சான்றிதழ் தர முடியும் என்றார்கள். திரும்பி வந்தேன். சான்றிதழைக் காட்டினால்தான் பொருளைத் தர முடியும் என்றார் குமாஸ்தா. இப்படி இரண்டு வாரம் போயிற்று. வரி கட்டு என்று சொல்லியிருந்தால் கட்டிவிட்டு வந்திருப்பேன். இதற்கு எதைக் கட்டுவது?

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். வந்திறங்கும் சாமான்களைப் பார்த்து ஏற்றுக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் என் வேலை. பல வருஷத்துக்கு முன் ஒரு பெண்கள் சங்கம் சணலில் ஃபைல் பை தைத்துக் கொடுத்தது. ஓரம் நேராக இல்லை என்று ‘மாதிரிப்படி இல்லை’ என எழுதித் திருப்பினேன். சங்கத்துத் தலைவி லோக்கல் ரயிலில் மூன்று முறை வந்தார். நான் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும் ஒரு கடிதத்தை, முதலில் வாங்கி வரும்படி அவரிடம் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. நாலாவது முறை அவர் வரவில்லை.

அந்த அம்மாவை அந்தக் கூடத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் நினைத்ததில்லை. இதுவும் என் கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். வசந்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ரெண்டு வாரமா கத்தறீங்க. கோவம் அந்த ஆபீஸ் மேலயா, பாப்பா மேலயா? அதச் சொல்லுங்க மொதல்ல” என்றாள்.

3

கயல்விழி இங்கேதான் பிறந்தாள். வீட்டில் தமிழ், படியிறங்கினால் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம். நாலு வயதில் ஒருநாள் ஓடிவந்து, “அப்பா, மேல் வீட்டுத் தாத்தா சிகரெட் சாப்பிடறார்” என்றாள். வங்காளியில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் சிகரெட்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். நானும் வசந்தாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஊருக்கு எழுதிய கடிதத்தில்கூட அதைச் சேர்த்தேன். பத்து வயதிலும் அதே மாதிரி பேசியபோது சிரிப்பு வரவில்லை. பதினைந்து வயதில் ஊரிலிருந்து போன் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “நான் பேசினா எல்லாரும் சிரிக்கறாங்க” என்றாள். கோடை விடுமுறையில் நான் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். பூஜை விடுமுறை வருவதற்குள் பாதியை மறந்திருப்பாள். ர எங்கே, ற எங்கே என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

இன்ஜினியரிங் முடித்து இங்கேயே சால்ட் லேக்கில் செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். ஜப்பான் வாடிக்கையாளர்களுக்கான வேலை. மாலை வகுப்பில் அந்த மொழியைப் படித்தாள். தமிழுக்குத் தராத நேரத்தை ஜப்பானிய மொழிக்குத் தந்தாள் என்று எனக்கு அப்போதே உள்ளூர ஒரு புகைச்சல். ஒரு வருஷத்துக்கு அங்கேயே அனுப்பினார்கள். விமான நிலையத்தில் பெருமையாக நின்று கையசைத்தேன்.

போன நாலாவது மாதம் ஏதோ விடுமுறையில் குயவர்கள் வாழும் ஒரு மலையடிவாரத்து ஊரைப் பார்க்கப் போயிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு சனி, ஞாயிறும் அங்கேதான். வருஷ முடிவில் வேலையை விட்டுவிட்டு, அந்த ஊரில் பாத்திரம் செய்யும் ஒரு பெண்மணியின் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள்.

“மண்ணு பெசையறதுக்கா உன்ன இவ்ளோ படிக்க வச்சேன்?” என்று போனில் கத்தினேன்.

“மண்ணு கெட்ட பொருளா அப்பா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அவளுக்குத் தெரியாததற்கு நான்தான் காரணம். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா அங்கே ஒரு செராமிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். மண் அரைக்கும் இடத்தில் பத்து வருஷம், பிறகு அச்சில் வார்க்கும் இடம், பிறகு சூளை. மின்சாரத்துக்கான ஃபியூஸ் கட்டைகள் செய்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காதோரம், மூக்குத் துளை எல்லாம் வெள்ளையாக இருக்கும். முகத்தைக் கழுவிய பிறகும் இருமும்போது வெள்ளையாகவே வரும். அம்பத்திரண்டு வயதில் செத்துப்போனார். கடைசி ஒரு வருஷம் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு வராது. உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருப்பார். கம்பெனியிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை.

மத்திய அரசு வேலைக்கு எழுதியபோது ‘எந்த மாநிலத்திலும் பணியாற்றச் சம்மதமா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று நான் போட்டது அந்த மண்ணை விட்டு ஓடுவதற்குத்தான். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். கயல்விழியிடம், தாத்தா ஒரு பேக்டரியில் வேலை பார்த்தார், நீ பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்ன பேக்டரி என்று அவள் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொள்ளவுமில்லை.

ஊரில் விசாரிப்பவர்களிடம் “ஜப்பான்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கா” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

மூன்றாவது வாரம் குமாஸ்தாவே சலித்துப்போய் என்னை உள்ளே அனுப்பினார். பொருளைப் பார்த்து மதிப்புப் போடும் அதிகாரியின் அறை. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். மேஜைமேல் ஒரு மண் குவளையில் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பார்சலை வரவழைத்து என் முன்னாலேயே டேப்பை அறுத்தார்.

உள்ளே ஜப்பானியச் செய்தித்தாளில் சுற்றிய ஐந்து உருண்டைகள். மேலே மடித்த ஒரு காகிதம். அதை எடுத்து என்னிடம் தள்ளினார். பென்சிலில் தமிழ்:

‘அப்பாவுக்கு அம்மாவுக்கு. இது என் முதல் சூலை. கிரீன் டீ குடிக்கரதுக்கு. கொதிக்கர தண்ணி ஊத்த கூடாது, கொஞ்சம் ஆரட்டும்.’

சூளை சூலையாகியிருந்தது. றகரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் நாலு வரியைத் தமிழில் எழுதியிருந்தாள்.

அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கிண்ணங்கள். சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். மேலே பூசிய மெருகு ஓரிடத்தில் வழிந்து சொட்டாக நின்றிருந்தது. ஒன்றின் வாய் சற்றுச் சாய்ந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரு பக்கம், விரல் அழுத்திய லேசான பள்ளம்.

“ஐந்துதான் இருக்கிறது. ஆறாவது எங்கே?”

“ஐந்துதான் அனுப்பியிருக்கிறாள். அந்த ஊரில் செட் என்றால் ஐந்து.” இதை வசந்தா சொல்லியிருந்தாள்.

“செட் என்றால் ஆறு” என்றார் அவர், எழுதிக்கொண்டே. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “கைப்பிடி இல்லை. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. வாய் கோணல். இது டிஃபெக்டிவ் சரக்கு, மிஸ்டர் ஷொன்முகொம். கழித்துப் போட்டதை யாரோ உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்களே அழித்துவிடுகிறோம்.”

‘மாதிரிப்படி இல்லை’ என்று நான் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். அதே குரல், அதே நிதானம்.

“உங்கள் தேநீர் இருக்கிற குவளைக்குக் கைப்பிடி இருக்கிறதா?” என்று கேட்டேன்.

அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது வேறு” என்றார்.

“இதன் வாய் நேராக இருக்கிறதா?”

“இது குடித்துவிட்டுத் தூக்கிப் போடுவது.”

அவர் முகம் சிவந்துவிட்டது. இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அங்கே ஏதோ கீறியிருப்பதைக் கண்டு மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். மற்ற நாலையும் கவிழ்த்தார். எல்லாவற்றிலும் அதே குறி.

“இது ஜப்பானிய எழுத்து இல்லையே. பழைய எழுத்து மாதிரி இருக்கிறது. கல்வெட்டில் வருமே, அந்த மாதிரி. சான்றிதழ் கேட்டது சரிதான்.”

எட்டிப் பார்த்தேன். க. ஈர மண்ணில் ஆணியாலோ குச்சியாலோ எழுதிய ஒரு க. நான் கோடை விடுமுறைகளில் அவள் கையைப் பிடித்து எழுதவைத்த அதே சாய்வு.

நான் வாய் திறப்பதற்குள் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து காகிதம் வெட்டும் கத்தியை எடுத்து, கல்லா மண்ணா என்று பார்ப்பதற்காக, அந்த எழுத்தின்மேலேயே அழுத்தி ஒரு கோடு இழுத்தார். கிரீச்சென்று சத்தம் கேட்டது.

“யோவ்! கைய எடுய்யா! எம் பொண்ணு செஞ்சதுய்யா அது! எம் பொண்ணு பேரு அது!”

எல்லாம் தமிழில். முப்பது வருஷத்தில் கல்கத்தாவின் எந்த அலுவலகத்திலும் நான் தமிழில் வாய் திறந்ததில்லை. கோபத்தில் வங்காளி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் என்னை விட்டு ஓடிவிட்டன. குமாஸ்தா கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

அதிகாரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் அவர் பேனாவைப் பிடுங்காத குறையாக எடுத்து, அவருடைய காகிதத்திலேயே பெரிதாக ‘க’ எழுதி, அதன் கீழே ‘கயல்விழி’ என்று எழுதினேன். பிறகுதான் வங்காளி திரும்பி வந்தது.

“இது கல்வெட்டு இல்லை. என் மொழி. காலையில் பால்காரருக்கு எழுதுகிற கணக்குகூட இதில்தான் எழுதுகிறேன். இது என் மகளின் முதல் எழுத்து.”

“உங்கள் மகள்தான் செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?”

அவள் எண் என் கைபேசியில் இருந்தது. அழிக்கவில்லை, அழைக்கவுமில்லை. வீடியோவில் அழைத்தேன். அங்கே மாலை நான்கு மணி இருக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள், கன்னத்தில் மண்.

“அப்பா? அம்மாக்கு என்ன ஆச்சு?”

நான் அழைத்தால் அவள் அம்மாவுக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். அப்படித்தான் நான் அவளைப் பழக்கியிருந்தேன்.

“அம்மா நல்லா இருக்கா. நீ அனுப்பின கப்ப இங்க ஒருத்தர் கல்லுங்கறாரு. பேசு” என்று கைபேசியை அதிகாரியிடம் நீட்டினேன்.

அவள் வங்காளியில் பேச ஆரம்பித்தாள். நான் முப்பது வருஷமாகப் பேசும் வங்காளி இல்லை; டாக்குரியாவில் பிறந்த வங்காளி. முதலில் அவருக்கு வணக்கம் சொன்னாள். கைபேசியைத் திருப்பிப் பட்டறையைக் காட்டினாள். சக்கரம், பலகையில் காயும் கிண்ணங்கள், கவிழ்த்துக் காட்டிய ஒன்றின் அடியில் அதே க. மண் எப்படிக் கல்லாகிறது என்று நான் மூன்று வாரமாகச் சொல்ல முடியாததை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். கைப்பிடி ஏன் இல்லை என்று அவர் கேட்டார். சித்தப்பாவை அழைப்பதுபோல ‘காக்கு’ போட்டுப் பதில் சொன்னாள்.

“கையால் பிடிக்க முடியாத சூடு என்றால் நாக்கும் தாங்காது, காக்கு. பிடிக்க முடிந்தால் குடிக்கலாம் என்று அர்த்தம்.”

அவர் சிரித்தேவிட்டார். கைபேசியைத் திருப்பித் தந்தபோது வேறு ஆளாக இருந்தார். “பெண் இப்படி அழகாக வங்காளி பேசுகிறாள், இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, தாதா?”

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சட்டம் மாறவில்லை, சான்றிதழ் வரவில்லை, கிண்ணமும் மாறவில்லை. அவள் வங்காளி பேசினாள் என்பதால் கல் மண்ணாகிவிட்டது. அவள் வங்காளி பேசத் தெரியாதவளாக, என்னை மாதிரி பேசுகிறவளாக இருந்திருந்தால் ஐந்தையும் உடைத்துக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

பொருளை விடுவிக்க என்னிடம் ஓர் எழுத்துமூல வாக்குமூலம் கேட்டார்கள். அனுப்பியவர் பெயர், எனக்கு உறவு, அனுப்பியவரின் தொழில். முதல் இரண்டையும் எழுதிவிட்டு மூன்றாவதில் நின்றேன். பழக்கத்தில் கை ‘மென்பொருள்’ என்று ஆரம்பிக்கப் பார்த்தது. அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். ‘குயவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

5

பெட்டியோடு வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது கைபேசி அடித்தது.

“குடுத்துட்டாங்களா அப்பா?”

“ம். ஒண்ணுல கத்தியால கீறிட்டான். உன் எழுத்து மேலயே.”

“பரவால்லப்பா.”

“என்னா பரவால்ல? எவ்ளோ திமிரு இருந்தா கீறுவான்? நீ சும்மா இருந்தாலும் நான் விடப்போறதில்ல. எழுதிப் போடப்போறேன்.”

பத்து நிமிஷம் அந்த அலுவலகத்தைத் திட்டினேன். இருபது மாதம் கழித்து மகளோடு பேசிய முதல் பேச்சு முழுவதும் திட்டுதான். அவள் நடுநடுவே ‘ம்’ கொட்டினாள். ஒருமுறை சிரித்தாள். பேருந்துகள் என்னை உரசிக்கொண்டு போயின. திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, இவ்வளவு நாள் கேட்காததைக் கேட்டேன்.

“மூக்குல துணி கட்டிக்கிறியா?”

“துணி? எதுக்கு துணி?”

“மாஸ்க். மாஸ்க்குடி. மண்ணு தூசி உள்ள போவாம.”

“ஓ. போடறேன்ப்பா. இங்க மண்ணு ஈரமாதான் இருக்கும். தரைய பெருக்கவே கூடாது, தண்ணி விட்டுத் தொடைக்கணும். அது இங்க ரூல். வருஷத்துக்கு ஒரு தடவ எக்ஸ்ரே எடுக்கறாங்க.”

“இத நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க கேக்கவே இல்லயே அப்பா.”

அங்கேயே, ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, அவள் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். என்ன பேக்டரி, என்ன வேலை, எப்படி இருமினார், கடைசி வருஷம் எப்படி உட்கார்ந்தே தூங்கினார். சில வார்த்தைகள் அவளுக்குப் புரியவில்லை. ‘சூளை’ என்று நான் சொன்னது மட்டும் உடனே புரிந்தது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இது ஏன் எனக்குத் தெரியாது?” என்றாள். குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

6

அந்தச் சுங்க அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். எழுதத் தெரிந்தவன், மூன்று பக்கம், பத்தி எண் போட்டு. ‘தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்திருக்கிறது. அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். விடப்போவதில்லை, மறுபடி எழுதியிருக்கிறேன். என் மேஜைக்கு வருகிற ஃபைல்களிலும் கொஞ்ச நாளாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது வாசலில் காத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் சணல் பை தைத்த அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரிகிறது.

காலையில் வசந்தாவும் நானும் அந்தக் கிண்ணங்களில் குடிக்கிறோம். பச்சைத் தேநீர் எனக்குப் பிடிக்கவில்லை. வேப்பிலை ஊறிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. வசந்தா பால் டீயையே அதில் ஊற்றிக் குடிக்கிறாள். மகளிடம் அதைச் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். சாய்ந்த வாயுள்ளது என் பங்குக்கு வந்தது. விரல் பள்ளத்தில் கட்டை விரல் சரியாக உட்காருகிறது; அது கோணல் இல்லை, வேண்டுமென்றே வைத்தது என்று பிடித்த பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் ஊரிலிருந்து தம்பி செல்வம் அழைத்தான். அவன் பெண்ணுக்குக் கல்யாணம்.

“பாப்பா வருமா அண்ண? கம்ப்யூட்டர் கம்பெனில லீவு குடுப்பாங்களா?”

“அவ கம்ப்யூட்டர் கம்பெனில இல்லடா. விட்டு ரெண்டு வருஷம் ஆவப்போவுது. மண்ணுல பாத்திரம் செய்யறா.”

அப்பாவுக்கு முதுகு தேய்த்துவிட்டதெல்லாம் அவன்தான்.

“அப்பா பாத்த வேலையா?”

“அதே வேலதான். ஆனா, அப்பா செஞ்ச ஃபியூஸ் கட்டைல கம்பெனி பேருதான் இருந்துச்சி. இவ செய்யறதுல இவ எழுத்து இருக்கு. தமிழ்ல போட்டிருக்கா.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“எனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லு அண்ண.”

“நீயே கேளு. நம்பர் தர்றேன்.”

“நான் பேசினா அதுக்குப் புரியுமா?”

“மெதுவா பேசு. அது தப்பா பேசினா சிரிக்காத.”

“சரி. ஆனா பார்சல் வர்ற வழில புடிச்சி வச்சிட மாட்டாங்களா? நீ சொல்றதப் பாத்தா பயமா இருக்கே.”

“வச்சா எனக்குப் போன் பண்ணு” என்றேன். “நான் ரயிலேறி வர்றேன்.”